முதலாளியின் மாமனார்

மரினா கட்டியது ஓர் அமெரிக்கனை என்பதை டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இருந்த சொந்தக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவனுக்கு வேலை இல்லை என்பதைத்தான் அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது அவர்களில் ஒருவரான யேசுரட்ணம் கேட்பார்.

"றொபேட், மருமோன் இப்ப என்ன செய்யிறார்?"

"டேனிஷ் படிக்கிறார்."

"ஓ. எவ்வளவு காலம் படிப்பார்?"

"அது டேனிஷைப் பொறுத்தது" என்பார் மாமனார்.

றொபேட் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்பவர். டென்மார்க்குக்கு வந்த நாள் தொட்டு அவர் சும்மா இருந்தது கிடையாது. மனைவி மேரிகிறேஸுக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. மகள் மரினா ஓர்ஹூஸ் ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டில் வேலைக்குப் போகாத ஒரே ஆள் வெஸ்லிதான். அவனும் சும்மா இருக்கிறவன் இல்லை. காலையில் டேனிஷ் வகுப்புக்குப் போவான், வந்து பாத்திரம் கழுவுவான், பனி கொட்டினால் யாரும் சொல்லாமலே வழித்துவிடுவான். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சு குறைவு. தங்கள் சொந்த வீடு தயாராகும்வரை அவனும் மரினாவும் மேல்மாடி அறையில் இருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் மட்டும் பின்னேரம் நாலு மணிக்கு அவன் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளேயிருந்து முனகல் கேட்கும். சில நேரம் "ஓ, நோ" என்று ஒரு குரல். ஆறு மணிக்குக் கிட்ட வெளியே வரும்போது அவன் முகம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவனின் முகம்போல இருக்கும்.

"பொடியன் செபம் செய்யிறான் போல" என்றாள் மேரிகிறேஸ். அன்றிலிருந்து சனி பின்னேரம் அவள் தோய்க்கிற மெஷினைப் போடுவதில்லை.

"செபமில்லை அம்மா, ஃபுட்போல் கேக்கிறார்" என்று மரினா சொன்னாள். அதற்குப் பிறகும் மேரிகிறேஸ் மெஷினைப் போடவில்லை. எதற்கு வீண் வம்பு என்று விட்டுவிட்டாள்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தது வின்ஸ்டர்பி டவுன் என்ற கிளப்பின் ஆட்டங்களை. இங்கிலாந்தின் நாலாம் பிரிவில், அதுவும் கீழ்ப்பக்கமாகக் கிடக்கிற கிளப். ரீ.வி.யில் காட்டமாட்டார்கள். கிளப்பின் றேடியோவில் இரண்டு கிழவர்கள் நேரடி வர்ணனை செய்வார்கள், அதில் ஒருவருக்குக் கண்பார்வை சரியில்லை என்று வெஸ்லி சந்தேகப்பட்டான்.

ஒஹையோவில் டேட்டன் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தத் தொடர்பு எப்படி வந்தது என்று றொபேட் ஒருமுறை கேட்டார். மருமகனோடு அவர் கதைப்பது ஆங்கிலச் சொற்களைத் தமிழ் ஒழுங்கில் அடுக்கித்தான். வெஸ்லிக்கு அது நன்றாக விளங்கும்.

"கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை பனி கொட்டி மூன்று நாள் வெளியே போக முடியவில்லை, மாமா. கொம்பியூட்டரில் உதைபந்தாட்ட விளையாட்டு ஒன்று இருந்தது. எல்லாரும் பெரிய கிளப்புகளை எடுத்தார்கள். நான் இருந்ததிலேயே மோசமானதை எடுத்தேன்."

"வெண்டியோ?"

"கொம்பியூட்டரில் வென்றேன். பிறகு உண்மையான கிளப் என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தேன். அன்று நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றிருந்தார்கள். பாவமாக இருந்தது."

அந்தப் பாவம் பதினாலு வருடமாகத் தொடர்ந்தது. ஒருமுறைகூட அவன் வின்ஸ்டர்பிக்குப் போனதில்லை. ஒரு முறை ரிக்கெட் எடுத்தபோது தகப்பனுக்கு இருதய ஒப்பரேஷன் வந்தது, மற்ற முறை கொரோனா வந்தது. டென்மார்க்குக்குக் குடிவந்ததில் அவனுக்கு இருந்த சந்தோசங்களில் மரினாவுக்கு அடுத்தபடி, வின்ஸ்டர்பி கிட்ட வந்துவிட்டது என்பதுதான். டேட்டனில் ஆட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவன் எழும்புமுன் தொடங்கிவிடும். இங்கே மனிதர் விழித்திருக்கிற நேரத்தில் தொடங்குகிறது.

றொபேட்டுக்கு இது முழுக்கப் புதினமான விசயமும் இல்லை. டேனிஷ்காரர் பலருக்கு ஓர் இங்கிலிஷ் கிளப் உண்டு, முன்னைய காலத்தில் சனிக்கிழமைகளில் ரீ.வி.யில் இங்கிலாந்து ஆட்டம் காட்டியதால் வந்த பழக்கம். தொழிற்சாலையில் சேர்ந்த முதல் கிழமையிலேயே அவரிடம் "நீ எந்த கிளப்?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவன் லிவர்பூல் என்றான், றொபேட்டும் லிவர்பூல் என்றார். அதற்குப் பிறகு ஒரு முழு ஆட்டத்தையும் பார்க்காமலே அவர் முப்பது வருடம் லிவர்பூலாக இருந்துவிட்டார்.

அந்த வசந்தத்தில் வின்ஸ்டர்பி டவுனை அமெரிக்கப் பணக்காரர் ஒருவர் வாங்கினார். கிளப்பின் நிறம் நூறு வருடத்துக்கு மேலாகப் பழுப்பும் மஞ்சளும். புதிய முதலாளி அதை நீலப்பச்சையாக மாற்றப் போவதாக அறிவித்தார். வெஸ்லிக்கு ஒரு கிழமை சாப்பாடு இறங்கவில்லை.

"உங்கட நாட்டுக்காரர்தானே தம்பி வாங்கியிருக்கிறார், சந்தோசப்படுங்கோவன்" என்றாள் மேரிகிறேஸ்.

"அதுதான் பிரச்சினையே, மாமி" என்றான் அவன்.

யூலை மாதம் ஒரு நாள் வெஸ்லி கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பின்வாசல் படியில் இருந்தான். மரினா போய் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்து தகப்பனிடம் சொன்னாள். புதிய பருவம் தொடங்குமுன் வின்ஸ்டர்பி டவுன் பயிற்சி ஆட்டங்களுக்காக டென்மார்க்குக்கு வருகிறது. அதில் ஒரு ஆட்டம் சனிக்கிழமை வோர்ஸ்லெவில். வோர்ஸ்லெவ், சில்க்போர்க் ஏரிக்கு அப்பால் இருந்த சின்ன ஊர், காரில் கால்மணி நேரம்கூட இல்லை. அன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் கடமை, கார் வேண்டும். பப்பா கூட்டிக்கொண்டு போவாரா?

றொபேட் அந்தச் சனிக்கிழமை வேலி வெட்டுவதாக இருந்தார். வேலி எங்கேயும் ஓடிவிடாது என்றாள் மரினா.

புறப்படும்போது மேரிகிறேஸ் இரண்டு காரியம் செய்தாள். ஐஸ்கிறீம் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் அடுக்கிக் கொடுத்தாள். "தூரத்தில இருந்து வாற பிள்ளையள், அங்க அவையளுக்கு வாய்க்கு ருசியா ஒண்டும் குடுக்கமாட்டினம்." பிறகு றொபேட்டைத் திருப்பி அனுப்பி, கலியாணவீட்டுக்குப் போடுகிற கறுத்தக் கோட்டைப் போட்டுவரச் செய்தாள். வெஸ்லி பழைய பழுப்பு மஞ்சள் ஜேர்சியை இஸ்திரி போட்டு அணிந்திருந்தான். ஜேர்சியை இஸ்திரி போடுகிறவனை றொபேட் அன்றுதான் பார்த்தார்.

வோர்ஸ்லெவ் மைதானத்தில் ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் கிளப் வீடு, அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கூடாரம். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் அங்கி போட்டு நின்ற பெண் வெஸ்லியின் ஜேர்சியைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் வரவேற்றாள். அவன் பதில் சொன்ன உச்சரிப்பைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. கையிலிருந்த வோக்கிடோக்கியில் டேனிஷில் ஏதோ சொன்னாள்.

அரை நிமிடத்தில் கிளப் தலைவர் பென்ட் ஓடிவந்தார். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர், அகன்ற தோள், சிவந்த கழுத்து.

"அமெரிக்காவிலிருந்தா?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஓம். ஒஹையோ."

"வருவீர்களோ மாட்டீர்களோ என்று இருந்தோம்!"

"பதினாலு வருடமாகக் காத்திருந்தேன்" என்றான் வெஸ்லி.

பென்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசை, இரண்டு கொடி, கேக், கோப்பி. இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். டேனிஷ்காரரின் விருந்தோம்பலைப் பற்றித் தான் தவறாக நினைத்திருந்ததாக வெஸ்லி மாமனாரின் காதில் சொன்னான்.

றொபேட்டின் காதில் வேறு ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கூடாரத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் "ஐயா, ஐயா" என்று குசுகுசுத்தார்கள். டேனிஷில் ஒன்றின் உரிமையாளனுக்குச் சொல்கிற சொல் தமிழ்க்காதுக்கு 'ஐயா' என்றுதான் விழும். இத்தனை வருடம் அந்த மொழியில் சீவித்த றொபேட்டுக்கே ஒரு கணம், இவர்கள் எப்போது தமிழில் மரியாதை பழகினார்கள் என்று திகைப்பாக இருந்தது. பிறகு விளங்கியது. "கிளப்பின் ஐயா வந்துவிட்டார்" என்றாள் கோப்பி ஊற்றிய பெண். "சாரதியோடு வந்திருக்கிறார்."

சாரதி என்றது தன்னை என்று தெரிந்ததும் றொபேட் நிமிர்ந்து இருந்தார்.

"நான் சாரதி இல்லை. அவர் என் மகளின் கணவர்" என்றார் டேனிஷில்.

அது ஒரு பிழையைத் திருத்தி இன்னொரு பிழையை உறுதியாக்கியது. கோப்பிப் பெண் மன்னிப்புக் கேட்டாள். பென்ட் ஓடிவந்து அவருக்கும் கை கொடுத்தார். முதலாளியின் மாமனாருக்கு இரண்டாவது துண்டு கேக் வந்தது.

"உங்கள் மருமகன் வருடா வருடம் ரீமை இங்கே அனுப்பச் சம்மதிப்பாரா?" என்று பென்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கள் வீட்டில் அவர் ஒன்றும் முடிவெடுப்பதில்லை" என்றார் றொபேட். "என் மகள்தான்."

பென்ட் தலையை ஆட்டினார். பெரிய இடங்களில் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும்போல இருந்தது.

அந்த இடத்தில் றொபேட் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் அப்போது வெஸ்லி சீனி போட்ட கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சொல்வதை அப்படி நின்று யாரும் கேட்டு றொபேட் பார்த்ததில்லை. தானும் கேட்டதில்லை. இந்தக் கோப்பி முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

கோப்பி முடிவதற்குள் வின்ஸ்டர்பி கோச் வந்தார். கட்டையான மனிதர், கழுத்தில் விசில், கண்ணில் நித்திரை இல்லை. புதிய முதலாளியை அவர் அறிவார், ஆகையால் வெஸ்லியை முதலாளி என்று நினைக்கவில்லை. முதலாளி அவ்வப்போது அனுப்பிவைக்கும் ஆட்களில் ஒருவன் என்று நினைத்தார். இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"ஹெஸ்லொப் விசயமாகத்தானே வந்திருக்கிறீர்கள்?"

ஹெஸ்லொப் என்பவர் வின்ஸ்டர்பியின் கப்டன். ஐந்தாம் நம்பர், பின்வரிசை ஆட்டக்காரர். பதினொரு வருடமாக அந்தக் கிளப்புக்கு மட்டும் ஆடியவர்.

"என்ன விசயம்?" என்றான் வெஸ்லி.

"என்னிடம் நடிக்க வேண்டாம். முப்பத்தைந்து வயது, இனி வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் பாடு. ஆனால் இன்று ஆட்டம் முடியும்வரை அவனுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது."

வெஸ்லியின் கையில் இருந்த முள்ளுக்கரண்டி கேக்கில் குத்தியபடி நின்றது.

"நான் அவர்களுடைய ஆள் இல்லை. நான் ரசிகன்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. வின்ஸ்டர்பிக்கு."

"அமெரிக்கன்."

"ஓம்."

"டென்மார்க்கில் இருக்கிறாய்."

"ஓம்."

"எங்களுக்கு ரசிகன்."

கோச் றொபேட்டைப் பார்த்தார். றொபேட் தலையை ஆட்டினார்.

"அப்படி ஒருவரும் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கோச் போய்விட்டார்.

வெஸ்லி தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தான். பிறகு, "எங்களை ஏன் இங்கே இருத்தியிருக்கிறார்கள், மாமா?" என்று கேட்டான்.

"உன்னை அவை கிளப்பின்ர முதலாளி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"முதல் கோப்பையிலயே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"கேக் நல்லா இருந்தது" என்றார் றொபேட்.

வெஸ்லி கேக் தட்டை மேசையில் வைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டான். எழுந்து கூடாரத்தை விட்டு வெளியேறி, மைதானத்தின் மறுபக்கம், சோளக்காட்டை ஒட்டி நடந்தான். றொபேட் ரோல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மழை தூறத் தொடங்கியது.

அந்தப் பக்கம் இரண்டே இரண்டு பேர் நின்றார்கள். டெரிக்கும் அவர் மனைவி போலினும். அறுபது தாண்டியவர்கள். வின்ஸ்டர்பியிலிருந்து, உள்ளேயே சமைத்துப் படுக்கிற வீட்டு வண்டியில் மூன்று நாடு கடந்து வந்திருந்தார்கள். ஒரு நீளமான பதாகையை விரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடிக்க இன்னும் ஒருவர் வருவதாக இருந்து, அவர் கடைசி நேரத்தில் மூட்டுவலியால் நின்றுவிட்டார். டெரிக் ஒரு முனையைப் பிடித்தால் மற்ற முனை ஈரப்புல்லில் விழுந்தது. போலின் குட்டை, அவள் பிடித்தால் எழுத்து மடிந்தது. பழுப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில், 'அமெரிக்கர்களே, வீட்டுக்குப் போங்கள்' என்று எழுதியிருந்தது.

வெஸ்லி போய் விழுந்து கிடந்த முனையைத் தூக்கினான்.

"நான் பிடிக்கிறேன்" என்றான்.

டெரிக் அவன் குரலைக் கேட்டார். ஜேர்சியைப் பார்த்தார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா, தம்பி?"

"வாசித்தேன்."

"நீ எந்த நாடு?"

"அமெரிக்கா."

டெரிக் மனைவியைப் பார்த்தார்.

"இதில் எழுதியிருப்பதோடு எனக்குச் சம்மதம்" என்றான் வெஸ்லி. "நீலப்பச்சையை நானும் ஏற்கவில்லை."

"அப்படியென்றால் இன்னும் உயர்த்திப் பிடி" என்றாள் போலின். "உனக்கு உயரம் இருக்கிறதே."

பதாகை நடுவில் தொய்ந்தது. றொபேட் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடுப்பகுதியைப் பிடித்தார். கறுத்தக் கோட்டோடு, அமெரிக்கர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று, அமெரிக்க மருமகனின் பக்கத்தில் நின்றார். அன்று காலை வேலி வெட்டியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. வந்து போய்விட்டது.

எதிர்ப்பக்கத்தில் கூடாரம் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி தன்னைத்தானே போகச்சொல்லிப் பதாகை பிடிப்பதை வோர்ஸ்லெவ் ஊர் முதலில் நம்பவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. தன்னைத்தானே கேலி செய்கிறவனைவிட உயர்ந்த மனிதன் டேனிஷ்காரருக்கு இல்லை. பென்ட் உள்ளூர்ப் பேப்பரின் படப்பிடிப்பாளரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார். படம் எடுத்தார்கள். டெரிக் மட்டும் சிரிக்கவில்லை. இது எதிர்ப்பு என்று இரண்டு முறை சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. வின்ஸ்டர்பி வீரர்கள் பழுப்பு மஞ்சளில்தான் இறங்கினார்கள், புதிய நிறம் இன்னும் தைத்து முடியவில்லையாம். வெஸ்லி கத்தவில்லை, குதிக்கவில்லை. பதாகைக் கம்பைப் பிடித்தபடி, கண் இமைக்காமல் பார்த்தான்.

"சந்தோசமோ?" என்று றொபேட் கேட்டார்.

"சின்ன ஆட்களாக இருக்கிறார்கள், மாமா" என்றான் அவன். "றேடியோவில் பெரிதாக இருந்தார்கள்." கொஞ்சம் கழித்து, "இவ்வளவு தூஷணம் கதைப்பார்கள் என்றும் தெரியாது" என்றான்.

இரண்டாம் பாதியில் பந்து கோட்டுக்கு வெளியே வந்து றொபேட்டின் சப்பாத்தில் முட்டி நின்றது. எடுக்க வந்தது ஐந்தாம் நம்பர். கழுத்தில் வியர்வை, முழங்காலில் சேறு, மூக்கு ஒருகாலத்தில் உடைந்து வளைந்தது. வெஸ்லிக்கும் அவருக்கும் இடையில் ஒரு கட்டில் நீளம்தான். வெஸ்லி வாயைத் திறந்தான்.

"பந்து" என்றார் ஹெஸ்லொப்.

றொபேட் குனிந்து பந்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

வின்ஸ்டர்பி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வோர்ஸ்லெவுக்கு அந்த ஒரு கோலை அடித்தவர் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர், அதனால் தோற்ற பக்கத்தில்தான் கொண்டாட்டம் அதிகம். கிளப் வீட்டின் முன்னால் மழையில் நனைந்த கதிரைகளில் எல்லாரும் வந்து இருந்தார்கள். பென்ட் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். முதலாளி இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவிக்கத் தொண்டையைச் செருமினார்.

றொபேட் ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி அவரிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"அவர் முதலாளி இல்லை."

"என்ன?"

"முதலாளி இல்லை. வேலையே இல்லை. டேனிஷ் படிக்கிறார். சனிக்கிழமைகளில் எங்கள் தோய்க்கிற அறைக்குள் இருந்து இந்தக் கிளப்பின் ஆட்டத்தைக் கேட்பார். அழுவார் என்றும் நினைக்கிறேன், நான் கதவைத் திறந்து பார்த்ததில்லை. நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும்."

பென்ட் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். கேக்கைப் பற்றி நினைக்கிறார் என்று றொபேட் எண்ணினார்.

"எவ்வளவு காலமாக?" என்றார் பென்ட்.

"பதினாலு வருடம்."

"வின்ஸ்டர்பியை?"

"ஓம்."

"ஒரு ஆட்டமும் நேரில் பார்த்ததில்லை?"

"இன்றுதான்."

பென்ட் ஏரிப் பக்கம் பார்த்தார். "நான் பத்து வயதிலிருந்து சண்டர்லாண்ட் கிளப்" என்றார். "என் முதல் மனைவிக்கு அது விளங்கவே இல்லை." பிறகு ஒலிவாங்கியை உயர்த்தி, நடந்த பிழையை ஊருக்கு டேனிஷிலும் விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்திலும் ஒளிக்காமல் சொன்னார். வந்திருப்பது முதலாளி அல்ல, ரசிகன். அவனும் இரண்டு வார்த்தை பேசலாம்.

ஒலிவாங்கி வெஸ்லியின் கைக்குப் போனது. அவன் காது சிவந்தது.

"நான் வெஸ்லி. முதலாளி இல்லை. கேக் சாப்பிட்டதற்கு மன்னிக்கவும்." சனம் சிரித்தது. "ஐந்தாம் நம்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். பதினொரு வருடமாக உங்கள் பெயரை றேடியோவில் கேட்கிறேன். 'ஹெஸ்லொப் அடித்து வெளியேற்றினார்' என்றுதான் எப்போதும் சொல்வார்கள். பந்து எங்கே போனது என்று சொல்லமாட்டார்கள். இன்று பார்த்தேன். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. நன்றி."

இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோச் மட்டும் தலையில் கை வைத்தார்.

ஹெஸ்லொப் கைதட்டல் அடங்கும்வரை நின்றார். பிறகு நேரே வெஸ்லியிடம் வந்தார்.

"பருவம் தொடங்காத யூலை மாதத்தில் ஒருவரும் நன்றி சொல்லமாட்டார்கள்" என்றார். "உனக்கு யாராவது ஏதாவது சொன்னார்களா?"

வெஸ்லிக்குப் பொய் வராது. உண்மையும் வரவில்லை. நிலத்தைப் பார்த்தான்.

"சரி" என்றார் ஹெஸ்லொப். கொஞ்சம் பொறுத்து, "சரி" என்றார் திரும்பவும்.

என்ன செய்வதென்று தெரியாத றொபேட் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து நீட்டினார். ஹெஸ்லொப் ஒரு ரோலை எடுத்துக் கடித்தார். மேரிகிறேஸ் மிளகுக்கும் மிளகாய்க்கும் அஞ்சுகிறவள் இல்லை. கப்டனின் கண் கலங்கி வழிந்தது. அது மிளகாயா வேறு ஏதாவதா என்று றொபேட்டுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"என் மனைவிக்கு முன்னமே தெரியும்" என்றார் ஹெஸ்லொப், இன்னொன்றை எடுத்துக்கொண்டு. "குளியலறைக்கு ஓடு பதிக்க ஆள் பிடிக்கவேண்டாம், இந்த வருடம் நீயே வீட்டில் நிற்பாய் என்றாள்." ஐந்து ரோல் சாப்பிட்டார். பஸ் ஏறுமுன் வெஸ்லியின் தோளில் ஒருமுறை தட்டினார், டெரிக்கோடும் போலினோடும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது வெஸ்லி ஐஸ்கிறீம் பெட்டியை மடியில் வைத்திருந்தான்.

"அவருடைய வேலையை நான் போக்கிவிட்டேன்" என்றான்.

"நீ போக்கேல்லை. அது உனக்கு முதலே போயிட்டுது" என்றார் றொபேட். "நீ நன்றியைக் கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டாய், அவ்வளவுதான். மற்றவை சொல்லாமலே விட்டிருப்பினம்."

மழைக்கு வைப்பர் போட்டார். பிறகு, வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூடாரத்துக்குள்ள நீ வரேக்க எல்லாரும் எழும்பி நிண்டவை. அதைப் பாக்க எனக்கு நல்லா இருந்தது. அதுதான் சொல்லேல்லை."

வெஸ்லி யோசித்தான்.

"நான் பேசி முடித்தபோதும் எழுந்து நின்றார்களே" என்றான்.

"ஓம். அது உனக்குத்தான்."

"கதிரை நனைந்திருந்தது, மாமா."

"அதுவும்தான்" என்றார் றொபேட்.

செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது. பிழையைத் திருத்திய செய்தி பேப்பருக்குப் போய்ச் சேரவில்லை. 'நகைச்சுவை உணர்வுள்ள கிளப் உரிமையாளர், மாமனாருடன்' என்று கீழே போட்டிருந்தார்கள். யேசுரட்ணம் ரெலிபோன் எடுத்தார்.

"றொபேட், மருமோன் இங்கிலாந்தில கிளப் வாங்கியிருக்கிறாராமே?"

"இல்லை. டேனிஷ் படிக்கிறார்."

"விளங்குது, விளங்குது" என்றார் யேசுரட்ணம். "வெளியில சொல்லக்கூடாது என்ன." அடுத்த ஞாயிறு அவர் வெஸ்லிக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

ஓகஸ்டில் ஹெஸ்லொப்பை வின்ஸ்டர்பி விடுவித்தது. அவர் வீட்டுக்குக் கிட்ட, இரண்டு பிரிவு கீழே ஒரு கிளப்பில் சேர்ந்தார். வேலை நாளில் ஒரு பாடசாலையில் பயிற்சி கொடுக்கிறார் என்று போலின் எழுதியிருந்தாள். நீலப்பச்சை வெளியூர் ஆட்டங்களுக்கு மட்டும் என்று முதலாளி இறங்கிவந்தார். அது தங்கள் பதாகையால்தான் என்று டெரிக் நம்பினார். வெஸ்லிக்கும் செப்டெம்பரில் ஒரு சைக்கிள் களஞ்சியத்தில் அரைநேர வேலை கிடைத்தது. அதை யேசுரட்ணம் நம்பவில்லை.

ஒக்டோபரில் பென்ட் வந்தார். இரண்டு பேருக்கு மேல் ஒரே விருப்பத்தோடு இருந்தால் டென்மார்க்கில் அதைச் சங்கமாக்காமல் விடுவது முறையல்ல என்றார். சண்டர்லாண்ட் தன் இரத்தத்தில் இருந்தாலும், வின்ஸ்டர்பிக்காக ஒரு ரசிகர் கிளை அமைக்கத் தன் அனுபவத்தைத் தருவதில் மறுப்பில்லை. டெரிக் இங்கிலாந்திலிருந்து சம்மதம் அனுப்பியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை தோய்க்கிற அறையில் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் மூன்று கதிரை போட்டு முதலாவது பொதுக்கூட்டம் நடந்தது. மரினா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்று பேரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தலைவர் பென்ட். செயலாளர் வெஸ்லி. விதிப்படி, யாராவது விலகினால் அவர் இடத்துக்கு வர ஒரு பதில் உறுப்பினரும் வேண்டும் என்றார் பென்ட்.

"பதில் உறுப்பினருக்கு என்ன வேலை?" என்று றொபேட் கேட்டார்.

"காத்திருப்பது."

"எவ்வளவு காலம்?"

"ஒரு வருடம். பிறகு திரும்பத் தேர்தல்."

றொபேட் யோசித்துப் பார்த்தார். தன்னால் செய்யக்கூடிய வேலையாகத்தான் தெரிந்தது. கையை உயர்த்தித் தனக்கே வாக்களித்தார். மற்ற இருவரும் உயர்த்தினார்கள், ஏகமனதாக நிறைவேறியது.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெஸ்லி றேடியோவை எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக வைத்தான். ஐந்தாம் நிமிடத்தில் வின்ஸ்டர்பி ஒரு கோல் வாங்கியது. பென்ட் அதைக் கூட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டார்.